அழாத தம்பி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கும் ஆசிரியை எழுதிய கடிதம் இது. ஊர்ப் பெயரையும் ஆளை அடையாளம் காட்டும் விபரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"டொக்டர், என் வகுப்பில் நாலு வயதுப் பெண் பிள்ளை ஒன்று. தாய் எனக்கு மச்சாள் முறை, வீடும் எங்கள் வளவுக்குப் பின்னால்தான். பிள்ளை கிழமை முழுக்க ஒரே சட்டையோடு வருவாள், கிட்டப் போனால் மூத்திர மணம். விரல் இடுக்கெல்லாம் சொறி, கீறிக் கீறிச் சீழ் பிடித்திருக்கிறது. வலது காதிலிருந்து இரண்டு மாதமாக வடிகிறது. முன்பள்ளியில் கொடுக்கும் காலைச் சாப்பாட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் சட்டைப் பைக்குள் வைப்பாள். கேட்டால் 'தம்பிக்கு' என்பாள். போன மாதம் நிறை பார்த்தபோது 11.8 கிலோ. தகப்பன் கொழும்பில் கட்டட வேலை, மாதத்தில் ஒருதரம் வருவார், காசும் அனுப்புகிறார். மச்சாள் முந்தி அப்படி இல்லை. மாமி, மச்சாளின் அம்மா, போன வருஷம் காலமான பிறகு பகல் முழுக்கப் படுத்தே கிடக்கிறா. தம்பிக்கு ஒன்றரை வயது. அவன் கொழுகொழுவென்றுதான் இருக்கிறான், தலைமயிர்தான் செம்பட்டை. அழுது அடம்பிடிக்கவும் மாட்டான், அதனால் அவனைப் பற்றிக் கவலை இல்லை. டொக்டர், இது வறுமையா, இல்லை கவனிக்காமல் விடுவதா? நான் வெளியில் சொன்னால் பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களா? சொன்னது நான் என்று தெரிந்தால் சொந்தத்துக்குள் முகம் பார்க்க ஏலாது."

அன்பின் தங்கச்சி,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கவலை இல்லை என்று ஒரு வரியில் விட்டுவிட்டுப் போனீர்களே, அந்தத் தம்பியை முதலில் பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்.

அவனை மடியில் வைத்து, இரண்டு புறங்கால்களிலும் உங்கள் பெருவிரலால் மெல்ல அழுத்துங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு விரலை எடுங்கள். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அது உடனே நிரம்பாமல் நின்றால், நீங்கள் பார்த்த கொழுகொழுப்பு கொழுப்பே இல்லை, தோலுக்குக் கீழே தேங்கிய நீர். இரண்டு காலிலும் அப்படி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் வைத்திருக்கக் கூடாது. செம்பட்டை மயிர், ஊதின முகம், எதிலும் ஆசை இல்லாத பார்வை, அழாமை, இவையெல்லாம் ஒரே பிள்ளையில் சேர்ந்து வருகிறபோது கடுமையான போசாக்குக் குறைவு என்றுதான் என் மனம் முதலில் போகும். மயிரை லேசாக இழுத்தாலே நோகாமல் கையோடு வருகிறதா, தொடையிலும் கவட்டிலும் தோல் கறுத்து உரிகிறதா என்றும் பாருங்கள். பால் குடி மறந்த பிறகு பிளேன்டீயும் பிஸ்கட்டும் வெறுஞ்சோறுமாக வளரும் ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளில்தான் இது கூடுதலாக வரும். இப்போது எங்கள் பக்கத்தில் அரிதாகத்தான் காண்கிறோம். அரிதாக இருப்பதாலேயே காண்கிறவர்களுக்கு அது தெரியாமல் போகிறது. சிறுநீரக நோயாலும் இருதய நோயாலும் இப்படி வீங்கலாம். எதுவாக இருந்தாலும் அவன் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான்.

இந்த வீக்கம் தராசையும் ஏமாற்றும். தேங்கிய நீருக்கும் நிறை உண்டு. அதனால் பிள்ளையின் நிறையைக் குறிக்கும் கிளினிக் காட்டில் (கார்டில்) புள்ளி பச்சைக்குள்ளேயே விழுந்து, எல்லாம் சரி என்று எழுதியும் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு ஆறுதல் அடைய வேண்டாம்.

வீக்கம் இல்லை, மெலிவுதான் என்றால் மேல் கையைப் பாருங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவு எடுப்பதற்கு ஊர் மிட்வைஃப் மிஸ்ஸிடம் (குடும்பநல உத்தியோகத்தரிடம்) நிற நாடா இருக்கும், தையல் நாடாவாலும் எடுக்கலாம். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு 11.5 சென்ரிமீற்றரிலும் குறைந்தால் அது ஆபத்து. பிட்டத்தில் தசை வற்றித் தோல் தளர்ந்த காற்சட்டைபோல மடிந்து தொங்குவதும் அதே எச்சரிக்கைதான்.

அவனைக் கண்டவுடன் உங்களுக்கு மனம் பதறும். ஒரு கோப்பைச் சோற்றை மீன் குழம்போடு பிசைந்து வயிறு முட்ட ஊட்டத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். நீண்ட நாள் பட்டினியில் கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுக்கும் சாப்பாடு இரத்தத்தின் உப்புச் சமநிலையைக் குழப்பிவிடும், அதில் உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, இரவிலும் எழுப்பி, சிறிது சிறிதாக விசேட பால் கொடுத்துத்தான் தொடங்குவார்கள். போகிற வழியில் பிள்ளை விழித்திருந்தால் சீனி கரைத்த தண்ணீரைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். துணியால் சுற்றிச் சூடாக வைத்திருங்கள், தலையையும் மூடுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். உள்ளே கிருமி பரவியிருந்தாலும் காய்ச்சல் காட்டாது, ஆகவே மேல் சுடவில்லை என்று பொறுத்திருக்க வேண்டாம். குடிக்க மறுத்தாலோ, குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டும் கண் திறக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, ஓட்டோ தேட வேண்டாம், 1990 இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வறுமையா, கவனிப்பின்மையா?

படுவான்கரையில் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்த காலத்தில் நான் வறுமையைப் பார்க்காத நாள் இல்லை. வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்கரைக்குப் போகும் 'பாதை' என்ற மிதவைப் படகு எப்போது வரும் என்று ஆற்றங்கரையில் நின்ற தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்கள் பிந்தி வந்தார்கள் என்பதற்காக ஒருத்தியையும் நான் குற்றம் சொன்னதில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் வீடு வாசல் எல்லாம் போய் முகாமுக்கு வந்த பெண்கள், பிள்ளையின் கிளினிக் காட்டை மட்டும் சொப்பிங் பைக்குள் சுற்றி நெஞ்சுக்குள் செருகிக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் சட்டை கிழிசல்தான், ஆனால் துவைத்த சட்டை. சோறு குறைவுதான், ஆனாலும் தாயின் கோப்பைக்கு முன்னால் பிள்ளையின் கோப்பையில் விழுந்த சோறு.

அதனால் வீட்டில் என்ன இல்லை என்று நான் முதலில் பார்ப்பதில்லை. இருப்பது பிள்ளைக்குப் போய்ச் சேருகிறதா என்றுதான் பார்க்கிறேன். கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமாப் பைக்கற் கட்டுக்கூட அவிழ்க்காமல் மூலையில் கிடக்கிறதா? ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் இலவசமாகக் கொடுத்த சொறி மருந்து அப்படியே இருக்கிறதா? காசு வருகிறது, கடை பக்கத்தில் இருக்கிறது, கிணறு வாசலில் இருக்கிறது, இருந்தும் பிள்ளை பசியோடும் அழுக்கோடும் நோயோடும் கிழமைக்கணக்கில் கிடக்கிறதா? அப்படியென்றால் இடையில் ஏதோ அறுந்துபோய்விட்டது. அது யாருடைய கெட்ட மனத்தாலும் நடந்திருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் பிள்ளையின் உடம்புக்குக் காரணம் தெரியாது, அது தேய்ந்துகொண்டே போகும்.

வசதியான வீட்டிலும் இது நடக்கும். மாபிள் பதித்த வீட்டில், வெளிநாட்டுக் காசு மாதாமாதம் வரும் வீட்டில், பின்னறையில் ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்து இடுப்பில் எலும்பு தெரியப் புண் வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறப்பிலேயே கை கால் இயங்காது, பேச்சு வராது. வந்த விருந்தாளிகளுக்கு அந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. மாற்றுத்திறனுள்ள பிள்ளை இருக்கும் வீடு என்று தெரிந்தால், அவன் எங்கே, காட்டுங்கள் என்று கேட்டுப் பார்க்க மிட்வைஃபுக்கும் ஆசிரியருக்கும் வெட்கம் இருக்கக் கூடாது.

இப்போது அக்காவைப் பற்றி. நீங்கள் எழுதியதில் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் பெரிதாகத் தெரியாது. சொறி இந்தப் பகுதியில் பல பிள்ளைகளுக்கு எப்போதாவது வந்து போகிறதுதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது வந்து போகவில்லை, தங்கிவிட்டது. சொறிக்கு மருந்து உண்டு. வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நாளில், கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூசி, பாயையும் துணியையும் கழுவி வெயிலில் போட்டால் போகும். தம்பிக்கு எப்படிப் பூசுவது என்று மட்டும் டொக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும். போகவில்லை என்றால் பூசிவிட ஒருவரும் இல்லை என்று அர்த்தம். கீறிய இடத்தில் சீழ் பிடித்தால் அந்தக் கிருமி சிறுநீரகத்தையும் தாக்கலாம். காலையில் முகம் ஊதி, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் அதையும் அன்றைக்கே காட்டுங்கள்.

காது வடிதல் இரண்டு மாதம் என்பது என்னை உறுத்துகிறது. அது காது கேட்பதைக் குறைக்கும். காது கேட்பது குறைந்த பிள்ளையைச் சொல்வழி கேளாத பிள்ளை என்று பெயர் வைத்து மூலையில் இருத்திவிடுவார்கள். பேன் கூடத் தலையில் மாதக்கணக்கில் புழுத்துக் கிடந்தால் பிள்ளைக்கு இரத்தம் குறையலாம். கண் இமையை இழுத்துப் பாருங்கள், அப்படியென்றால் வெளிறி இருக்கும்.

நிறை 11.8 கிலோ என்றீர்கள். நாலு வயதுப் பெண் பிள்ளைக்கு நடுத்தர நிறை 16 கிலோ அளவில் இருக்கும். 12.3க்குக் கீழே போனால் காட்டில் செம்மஞ்சள் பகுதி, 10.9க்குக் கீழே சிவப்பு. ஆக அவள் செம்மஞ்சளுக்குள் வந்துவிட்டாள். ஆனால் ஒரு எண்ணை மட்டும் பார்த்து நான் முடிவு சொல்ல மாட்டேன். பிறவியிலேயே சிறிய உடம்புக்காரப் பிள்ளைகள் உண்டு, அவர்களின் கோடு கீழேயே ஓடினாலும் ஒழுங்காக ஓடும். இவளுடைய கோடு எங்கே முறிகிறது என்று காட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். மாமி காலமான மாதத்தோடு அது இறங்கத் தொடங்கியிருந்தால் கதையில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். அதே காட்டில் தடுப்பூசிப் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். தம்பிக்கு 9, 12, 18 மாத ஊசிகள் போட்டிருக்கிறதா? மிட்வைஃப் வீட்டுக்கே வந்து நினைவுபடுத்தும் நாடு இது. இங்கே ஒரு பிள்ளைக்கு ஊசி விடுபட்டிருந்தால் அதுவே விசாரிக்க வேண்டிய விஷயம்.

நிறை பற்றி என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் புதிதாக வேலைக்குப் போன காலத்தில் ஒரு சிறுவர் வார்டில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் சீழ் பிடித்த சொறியோடு வந்தான். மருந்து கொடுத்தோம், சுகமானான், அனுப்பினோம். இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே சொறி, அதே வார்ட். இரண்டு முறையும் விசேடமாக ஒன்றும் கொடுக்காமல், வார்டுச் சாப்பாட்டிலேயே அவனுக்கு நிறை ஏறியது. வீட்டுக்குப் போனால் இறங்கியது. துண்டில் நானே எழுதிய எண்கள்தான் அவை. இந்த மருந்தை வீட்டில் யார் பூசுவது, யார் சோறு கொடுப்பது என்று நானும் கேட்கவில்லை, வேறு ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் முகம் ஊதி, இரத்தமாகச் சிறுநீர் போய் வந்தான். பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் ஏறி வீட்டில் இறங்கும் நிறையைக் கண்டால் நான் வீட்டைப் பற்றிக் கேட்காமல் ஒரு பிள்ளையையும் அனுப்பியதில்லை.

அவள் சாப்பாட்டை ஒளித்து வைப்பதைக் களவு என்று யாரும் ஏசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாத பிள்ளைதான் ஒளிக்கும். சனி ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலையில் அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கவனியுங்கள், மற்ற நாளைவிட வித்தியாசம் தெரியும். அவள் தம்பிக்குக் கொண்டுபோவதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வீட்டில் தம்பிக்குச் சோறு கொடுக்கும் பொறுப்பை நாலு வயது அக்கா எடுத்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த அளவில் நன்றாகத்தான் பார்க்கிறாள், பாவம். ஆனால் நாலு வயதுக்குக் கிணறும் தெரியாது, அடுப்பும் தெரியாது, வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்துப் போத்தலும் தெரியாது. அந்த வளவுக் கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா?

தம்பி அழாததையும் சமத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றரை வயதில் பசித்தால் அழ வேண்டும், தாய் எழும்பிப் போனால் பின்னால் தவழ்ந்தோ நடந்தோ போக வேண்டும், புதிய ஆளைக் கண்டால் முகம் சுளிக்க வேண்டும். அழுதழுது ஒருவரும் வராமல் போன பிள்ளை நாளடைவில் அழுவதை விட்டுவிடும். யார் தூக்கினாலும் மறுக்காமல் ஒட்டிக்கொள்வதும், ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதும் அதே காரணத்தால் வரலாம். பின்தலை தட்டையாகி அந்த இடத்தில் மயிர் உதிர்ந்திருந்தால், அவனைத் தூக்காமல் மல்லாத்தியே போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும்.

மச்சாளைப் பற்றியும் நினைக்கிறேன். முந்தி அப்படி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக உங்களுக்கு நன்றி, பலர் அதை எழுத மாட்டார்கள். தாய் போன துக்கம், புருஷன் தூரத்தில், கையில் சின்னப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் மகளின் வீடு தாயின் வளவிலேயே இருக்கும், தாய்தான் அந்த வீட்டுக்கு இரண்டாவது கை. அந்தக் கை விழுந்துவிட்டது. பகல் முழுக்கப் படுத்திருப்பது, குளிக்காமல் இருப்பது, பிள்ளையின் குரல் காதில் விழுந்தும் எழும்ப ஏலாமல் இருப்பது எல்லாம் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அது சோம்பல் இல்லை, வைத்தியத்தால் மாறும் நோய். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாழ்ந்து என்ன, செத்துப்போகலாம் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம்.

அதனால் அவவிடம் போகிறபோது குற்றப்பத்திரிகையோடு போக வேண்டாம். இரவுச் சாப்பாடு ஏதும் கட்டிக்கொண்டு போங்கள். "மச்சாள், தம்பிக்குக் கால் வீங்கியிருக்கு, எனக்குப் பயமாக் கிடக்கு. வாங்க, ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவம். ஓட்டோ நான் பிடிக்கிறன்." இவ்வளவு போதும். ஏன் பிள்ளையைப் பார்க்கவில்லை என்ற கேள்வியை அங்கே கேட்டால் கதவு மூடிவிடும். தகப்பனுக்கும் போன் எடுத்துச் சொல்லுங்கள். காசு அனுப்புகிறோம், எல்லாம் நடக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கலாம்.

வர மாட்டேன் என்றால்? காலில் குழி விழுந்தது என்றால் அவவின் சம்மதத்துக்காக இரண்டு நாள் காத்திருக்க முடியாது. அந்த நேரமே மிட்வைஃப் மிஸ்ஸுக்கோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கோ சொல்லுங்கள். அவர்கள் வீட்டுக்கு வருவார்கள், அது அவர்கள் வேலைதான். அவர்கள் கிடைக்காவிட்டால் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. 24 மணித்தியாலமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தங்கச்சி, நிரூபிப்பது உங்கள் பொறுப்பு இல்லை. கண்டதைச் சொல்வதோடு உங்கள் பங்கு முடிகிறது. வறுமையா, நோயா, கவனிப்பின்மையா என்று பிரித்துப் பார்க்க அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

இல்லத்தில் போட்டுவிடுவார்களா என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தால் வாய் மூடிய வளவுகளை நான் கண்டிருக்கிறேன். ஒரு முறைப்பாடு போனவுடன் வாகனம் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதில்லை. முதலில் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், குடும்பத்துக்கு என்ன உதவி தேவை என்று கேட்பார்கள். பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தால்தான் நன்னடத்தை உத்தியோகத்தர் நீதவானுக்கு அறிக்கை கொடுப்பார். அப்போதும் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி, தகுந்த ஒரு உறவினரின் பொறுப்பில் பிள்ளையை விட நீதிமன்றத்தால் முடியும். அங்கே பெரியம்மாவோ சித்தியோ நீங்களோ முன்வந்து நின்றால் அதற்குப் பெறுமதி இருக்கிறது. இல்லம் என்பது எல்லா வழியும் அடைபட்ட பிறகு வருவது. பிந்திச் சொல்லச் சொல்லத்தான் மற்ற வழிகள் அடைபடும்.

பொலிஸ், வழக்கு என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 308அ பிரிவு, தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குக் குறைந்தவரை அவருக்குத் துன்பமோ உடற்கேடோ வரக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதைக் குற்றம் என்கிறது. தண்டனை இரண்டு முதல் பத்து வருஷம் வரை சிறை. அதில் 'வேண்டுமென்றே' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். ஏழ்மைக்கும் நோய்க்கும் அந்தப் பிரிவு எழுதப்படவில்லை. உங்கள் கடிதத்தை வைத்து மச்சாளை அதற்குள் அடக்க எனக்குத் தோன்றவில்லை.

இன்றிலிருந்து ஒரு கொப்பி எடுத்துக் கண்டதை எழுதி வையுங்கள். திகதி போட்டு, கண்ணால் கண்டதை மட்டும். 'தாய் பொறுப்பில்லாதவள்' என்று எழுத வேண்டாம். 'திங்கட்கிழமை. வலது காதில் சீழ். வெள்ளிக்கிழமை போட்ட அதே சட்டை. 11.30க்கு முன்பள்ளி விட்டது, 1 மணி வரை கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை' என்று எழுதுங்கள். ஒரு நாளைய அழுக்கு எந்தப் பிள்ளைக்கும் வரும். ஆறு கிழமைக் குறிப்பைக் கையில் வைத்துப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு உங்களிடம் வேறு கேள்வி கேட்க வேண்டி வராது. ஆனால் போன் எடுத்துப் பிள்ளையின் புண்ணைப் படம் பிடித்து வட்ஸ்அப் குறூப்பில் போடுகிற வேலை மட்டும் வேண்டாம். உதவி கேட்டுத்தான் போட்டோம் என்பார்கள். அந்தப் படம் அவள் பெரிய பிள்ளையான பிறகும் ஊருக்குள் சுற்றும்.

பிள்ளையைக் கூப்பிட்டு வைத்து அம்மா சோறு தந்தாவா, அடித்தாவா என்று துருவவும் வேண்டாம். தானாகச் சொன்னால் கேளுங்கள், அவள் சொன்ன சொல்லாலேயே எழுதி வையுங்கள். ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சொன்னது நான் என்று தெரிந்தால் என்றீர்களே. மிட்வைஃபிடமும் 1929இலும் உங்கள் பெயர் வெளியே வராமல் கேட்டுக்கொள்ளலாம். ஆனாலும் சின்ன ஊர், ஊகிப்பார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். சில மாதம் முகம் திருப்பிக்கொண்டு போவார்கள். அதே வளவில் இத்தனை பேர் இருந்தும், மற்ற ஆள் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். யாராவது ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தப் பிள்ளை உங்களை முன்பள்ளியில் டீச்சர் என்கிறாள், வளவில் மாமி என்கிறாள். வேறு யாருக்கு இந்த இரண்டு உரிமையும் இருக்கிறது?

போகும்போது இரண்டு பிள்ளைகளின் கிளினிக் காட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தேடி நேரம் கடத்த வேண்டாம், மிட்வைஃபின் பதிவேட்டில் விபரம் இருக்கும். தம்பியை வார்டில் தங்கவைத்தால் மச்சாள் அவனோடு நிற்க வேண்டி வரும், நாட்கள் எடுக்கும். அக்காவை அந்த நாட்களில் யார் வீட்டில் வைத்திருப்பது என்று ஓட்டோவில் ஏறுவதற்கு முன்னமே பேசி முடிவெடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் என்றால் இன்னும் நல்லது. தம்பி எங்கே என்று இரவில் கேட்பாள். டொக்டர்மாரிடம் இருக்கிறான், அம்மா பக்கத்தில் இருக்கிறா, அவனுக்கு அங்கே சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி விஷயத்தை இரண்டு தரம் சொல்லுங்கள்.